பசீரிக்கு என்ன நடந்தது என்று ஸ்பெயின் சொல்ல வேண்டும்

ஸ்பெயின் அரசுக்கும் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மேற்கு சகாராவின் விடுதலைக்காகப் பாடுபட்ட முகமது பசீரியைப் பற்றிக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். வடமேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நிலம் உங்கள் ஆட்சியில் இருந்த காலத்தில், 1970 ஜூனில், உங்கள் ஆட்கள் அவரைக் கைது செய்தார்கள். அவர் வீடு திரும்பவே இல்லை. உயிரோடு இருக்கிறாரா, கொல்லப்பட்டாரா, எங்கே புதைக்கப்பட்டார், எதற்கும் அரை நூற்றாண்டு கடந்தும் உங்களிடமிருந்து நம்பத் தகுந்த பதில் வரவில்லை.

பசீரி கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் படித்தவர். மேற்கு சகாராவின் ஸ்மாரா நகருக்கு வந்து குர்ஆன் கற்றுக்கொடுத்தார். அப்படியே ஆட்களைச் சேர்த்து, 1960களின் இறுதியில் ஒரு ரகசிய விடுதலை இயக்கத்தைக் கட்டினார். அந்த இயக்கம் துப்பாக்கி தூக்கவில்லை. பேசித் தீர்க்கலாம், ஸ்பெயின் படிப்படியாக வெளியேறட்டும் என்பதுதான் அதன் நிலை. அதில் நியாயமும் இருந்தது. சகாராவை விடுவிக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1965-லேயே உங்களிடம் கேட்டுவிட்டது. நீங்களோ 1958-இல் அதை ஒரு மாகாணம் என்று அறிவித்து, அங்கிருந்தவர்களுக்கு ஸ்பானிய அடையாள அட்டையும் கொடுத்திருந்தீர்கள். சொந்தக் குடிமக்கள் என்றால் அவர்கள் தரும் மனுவை வாங்கிப் படித்துப் பதில் சொல்வதுதானே முறை?

1970 ஜூன் 17 அன்று, மேற்கு சகாராவின் தலைநகரான எல் அயூனில், ஸ்பெயினுக்கு ஆதரவு காட்டும் கூட்டம் ஒன்றை உங்கள் நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. சஹ்ராவிகள், அதாவது மேற்கு சகாராவின் மக்கள், அங்கே போகாமல், பெருந்திரளாக நகரின் ஓரத்தில் இருக்கும் ஜெம்லாவில் கூடினார்கள். கோரிக்கை மனுவை ஆளுநரிடம் சேர்த்தார்கள். கலைந்து போகச் சொன்னபோது மறுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் உங்கள் லெஜியன் படை அந்தக் கூட்டத்தின் மீது சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்கூட உங்கள் கணக்கும் சஹ்ராவிகளின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதைத் தொடர்ந்த கைதுகளில் பசீரியும் பிடிபட்டார். அவரை நாட்டைவிட்டு வெளியேற்றிவிட்டதாக அப்போது சொல்லப்பட்டது. சஹ்ராவிகள் அதை நம்பவில்லை. காவலில் வைத்தே கொன்றுவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அது தவறென்றால் மறுக்கும் ஆதாரம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

மனுவோடு வந்தவர்களைச் சுட்டால் அடுத்த தலைமுறை மனு எழுதுமா? 1973 மே 10-இல் ஆயுதம் ஏந்திய விடுதலை இயக்கமான போலிசாரியோ முன்னணி பிறந்தது. பத்தே நாளில் எல் கங்கா என்ற இடத்தில் உங்கள் காவல் நிலையைத் தாக்கியது. 1974-இல் பூ கிரா சுரங்கத்திலிருந்து பாஸ்பேட்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளக் கன்வேயர் பெல்ட்டிலும் கை வைத்தார்கள். அப்புறம் நடந்ததை உலகம் அறியும். 1975 நவம்பர் 14 அன்று மாட்ரிட்டில், அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் நிலத்தின் நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மொரிட்டானியாவுக்கும் விட்டுக்கொடுக்கக் கையெழுத்திட்டீர்கள். மறு பிப்ரவரியில் கிளம்பிவிட்டீர்கள். அன்று அல்ஜீரியாவின் திந்தூஃப் பக்கம் தப்பி ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே அகதி முகாம்களில் இருக்கிறார்கள்.

மேற்கு சகாரா பற்றி யார் என்ன கேட்டாலும் நீங்கள் மொராக்கோவைக் காட்டலாம், அல்ஜீரியாவைக் காட்டலாம், ஐ.நா. பார்த்துக்கொள்ளும் என்று சொல்லலாம். மேற்கு சகாராவைத் தன் ஆட்சியின் கீழேயே வைத்துக்கொண்டு அதற்குத் தன்னாட்சி தரும் மொராக்கோவின் திட்டத்தை உங்கள் பிரதமர் 2022-இல் ஆதரித்தது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் இந்த மடல் அதைப் பற்றியதல்ல. பசீரி விஷயத்தில் கைகாட்ட உங்களுக்கு வேறு யாரும் கிடையாது. கைது செய்தது ஸ்பெயின். அடைத்தது ஸ்பெயினின் சிறை. ஆவணம் இருந்தால் அதுவும் ஸ்பெயினின் காப்பகத்தில்தான் இருக்கும். அதைத் திறக்க மொராக்கோவின் சம்மதம் எதற்கு?

உங்கள் நாட்டில் உள்நாட்டுப் போரிலும் பிராங்கோவின் சர்வாதிகாரத்திலும் காணாமல் போனவர்களைத் தேடுவது அரசின் கடமை என்று 2022-இல் ஜனநாயக நினைவுச் சட்டம் இயற்றினீர்கள். சாலையோரக் குழிகளிலிருந்து எலும்புகளை எடுத்து, மரபணு பார்த்து, பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறீர்கள். மனதார வரவேற்கிறேன். பசீரி காணாமல் போனதும் அதே பிராங்கோவின் ஆட்சியில்தான். சட்டப்படி அன்று அது ஸ்பெயினின் மாகாணம். உங்கள் பாட்டன்களுக்குக் கிடைக்கும் தேடுதல் ஒரு சஹ்ராவிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

அரசு ரகசியங்களைக் காக்கும் 1968-இன் சட்டம், பழைய கோப்புகள், ராணுவ நடைமுறை என்று காரணங்கள் வரும் என்பது தெரியும். சரி, அவற்றை நீக்கும் அதிகாரமும் உங்களிடம்தானே இருக்கிறது? 1970 ஜூன், ஜூலை மாதங்களுக்கான எல் அயூன் சிறைப் பதிவுகள், ஆளுநர் அலுவலகம் மாட்ரிட்டுக்கு அனுப்பிய தந்திகள், லெஜியன் படையின் உத்தரவுகள் ஆகியவற்றை வெளியிடுங்கள். ஜெம்லாவில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் வெளியிடுங்கள். பசீரியின் உடல் எங்கே என்று ஏதாவது ஒரு தாளில் இருந்தால், முதலில் அவருடைய குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சஹ்ராவி மக்களின் விடுதலையை விரும்பும் ஒரு தமிழ் வாசகர்