பண்ணையில் பிறந்தாலும் புழுக்கம் புழுக்கம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில் மூன்று கொம்புப் பச்சோந்தியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அழகு. "இவை பண்ணையில் பிறந்தவை, ஆகவே காட்டுக்கும் கேடில்லை, வளர்ப்பதும் எளிது" என்ற வரியில்தான் இடறி நின்றேன். அந்த 'ஆகவே'யை நம்பி என் மகன் வாங்கிய பச்சோந்தி ஒன்று எங்கள் மன்னார்குடி வீட்டில் இரண்டரை மாதம் இருந்தது.

மார்ச் மாதம் வேலையாக வெளிநாடு போனவன் அதை எங்களிடம் விட்டுப்போனான். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே என் மனைவி கூடத்தில் வலைக்கூண்டுக்கு இடம் ஒதுக்கினாள். தட்டில் வைத்த தண்ணீரை அது திரும்பிக்கூடப் பார்க்காது; இலையில் சொட்டுகிற நீரைத்தான் குடிக்கும். மருந்துக்கடையில் சலைன் குழாய் வாங்கி, சொட்டுச் சொட்டாக இலைமேல் விழும்படி கட்டிவைத்தேன். ஒரு கண் என்னைக் கவனித்துக்கொண்டிருக்க, மறு கண் அந்தச் சொட்டின்மேல் நிலைத்திருக்கும். கால் மணி நேரம் யோசித்த பிறகே வாயைத் திறக்கும். தீனிக்கு வெட்டுக்கிளி. மன்னார்குடியில் அதற்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மருந்து அடிக்காத உளுந்து வயல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! திருத்துறைப்பூண்டிப் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் நண்பர் ஒருவரின் வயலுக்கு வாரம் இருமுறை பஸ் ஏறினேன். பிடித்துவந்த பூச்சிகள்மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். அதோடு புறஊதா விளக்கும் வேண்டும். இவை இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். இவ்வளவையும் செய்யலாம், செய்தோம்.

செய்ய முடியாதது ஒன்றுண்டு. ஜாக்சன் பச்சோந்தி என்று பெயர் பெற்ற இந்த இனத்தின் சொந்த ஊர் கென்யா, தான்சானியா நாடுகளின் மலைக்காடுகள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே, நம் ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்கள். பகல் வெயிலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் இரவு குளிர்ந்தே ஆக வேண்டும். பத்து, பதினைந்து பாகைக்கு இறங்கினால்தான் அதன் உடம்பு ஓய்வு கொள்ளும். கத்திரி வெயில் தொடங்கியபின் எங்கள் கூடத்து வெப்பமானி இரவு இரண்டு மணிக்கும் 30 காட்டியது. பச்சை உடம்பு வெளிறி எலுமிச்சை நிறமாகி, வாயைப் பிளந்தபடி வலையைப் பற்றிக்கொண்டு கிடந்தது. நிறம் மாறுகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏ.சி. அறைக்கு மாற்றினோம். மே மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் அது கூண்டின் அடித்தட்டில் கிடந்தது. கென்யாவில் பிறந்திருந்தாலும் சென்னைப் பண்ணையில் பிறந்திருந்தாலும் அந்த இரவு அதற்கு ஒன்றுதான்.

பண்ணையில் பிறந்தது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த இனம் முட்டையிடுவதில்லை. சுமார் ஆறு மாதம் வயிற்றில் சுமந்து குட்டி போடும். காட்டில் பிடித்த சினைப் பெண்ணைக் கூண்டில் அடைத்தால் அங்கேயே இருபது குட்டிகள் பிறந்துவிடும். அவையும் கூண்டில் பிறந்தவைதான், பொய்யில்லை. ஆனால் தாய் காட்டிலிருந்து வந்தவள். வளர்ப்பிடத்திலேயே இணைந்த பெற்றோருக்குப் பிறந்தவற்றையும் இப்படிப்பட்டவற்றையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் தனித்தனிக் குறியீட்டால் பிரிக்கிறது: முன்னதற்கு 'சி', பின்னதற்கு 'எஃப்'. மெய்யான பண்ணைக் குட்டிக்குக் குடற்புழு குறைவு, மனிதக் கைக்கும் அவ்வளவு மிரளாது. காட்டில் பிடித்ததைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் குறியீடு உள்ள தாளைப் பார்க்காமல் விற்பவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்கினான் என் மகன். உங்கள் கட்டுரையாளரும் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை.

அது வாடத் தொடங்கியபோது, "கொடைக்கானலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், பிழைத்துப்போகும்" என்றார் ஒரு நண்பர். பிழைக்கும், அதுதான் பயம். 1972இல் ஹவாயில் செல்லப்பிராணி வியாபாரி ஒருவர், கென்யாவிலிருந்து வந்த சில டஜன் பச்சோந்திகளைக் களைப்புத் தீரட்டும் என்று தோட்டத்தில் விட்டார். அவை பெருகி, இன்று அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுகொண்டிருக்கின்றன.

சட்டத்தைக் கட்டுரை தொடவே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு, இத்தகைய வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் செய்ய நேர்ந்தது.

எங்கள் கருவை வேலியில் கொம்பில்லாத நாட்டுப் பச்சோந்தி ஒன்று எப்போதாவது தென்படும். இந்த வெயில் அதற்குப் பழகியது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். விஷம் என்று சொல்லிக் கல்லால் அடிப்பவர்களோ இன்னும் இருக்கிறார்கள். அதைப் பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு முன், அடுத்த இதழிலேயே அந்த 'ஆகவே'க்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கும் காலம் இது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.