சீனமயமாக்கும் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெய்ஜிங்கில் உள்ள, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பணித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2018-இல் மத விவகாரங்கள் நேரடியாக உங்கள் கைக்கு வந்தன. கிறிஸ்தவத்தைச் சீனமயமாக்க வேண்டும், அதாவது அந்நியச் சாயலை நீக்கிச் சீனப் பண்பாட்டுக்கும் கட்சிக்கும் இசைய மாற்ற வேண்டும் என்ற பேச்சு அதன்பிறகு இன்னும் உரத்திருக்கிறது.

எங்கள் வீட்டு அலமாரியில் வாட்ச்மன் நீ என்ற கிறிஸ்தவ போதகர் எழுதிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் அப்பாவின் பென்சில் கோடுகள். சின்ன வயதில் அவரை வெள்ளைக்காரர் என்றே நினைத்திருந்தேன். அவர் உங்கள் நாட்டுக்காரர், 1952-இல் கைதாகி 1972-இல் உழைப்பு முகாமிலேயே இறந்தார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஒரு சீனரிடம் வேதம் படித்துக்கொண்டிருந்தோம். நீங்களோ கிறிஸ்தவத்தை அந்நியச் சரக்காகவே பார்க்கிறீர்கள்.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1807-இல் குவாங்சோ நகருக்கு வந்த பிரிட்டிஷ் மிஷனரி ராபர்ட் மாரிசன், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். ஜெர்மன் மிஷனரி குட்ஸ்லாஃப் அபினிக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் போய், போன இடமெல்லாம் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். "ஒரு கிறிஸ்தவர் கூடினால் ஒரு சீனர் குறைவார்" என்று உங்கள் மக்கள் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த 1949-இல் புரட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அடுத்த சில ஆண்டுகளில் மிஷனரிகள் வெளியேறினார்கள். 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் தேவாலயங்களுக்குப் பூட்டு விழுந்தது. 1979-இல்தான் மறுபடி திறந்தன. உங்கள் அரசின் 2018 வெள்ளை அறிக்கையோ புரட்டஸ்டண்டுகள் 3 கோடியே 80 லட்சம் என்கிறது. (எங்கள் பிரசங்கிகள் மேடையில் அள்ளிவிடும் 10 கோடி, 15 கோடிக் கணக்கை நான் நம்புவதில்லை. உங்கள் கணக்கே எனக்குப் போதும்.) இவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்தது வெள்ளைக்காரர் போன பிறகு.

வளர்த்தது யார்? நோயாளியின் கட்டிலருகே முழங்காலிட்ட கிராமத்துப் பெண்கள். சரக்கோடு சபையையும் ஊர் ஊராய்க் கொண்டுபோன வென்சோ நகர வியாபாரிகள். ஹெனான் மாநிலத்தில் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட சியாவ் மின் என்ற பெண், முறையாக இசை படிக்காமலேயே ஆயிரத்துக்கும் மேல் பாட்டுக் கட்டினார். அரசிடம் பதிவு செய்யாத வீட்டுச் சபைகளில் அவற்றைப் பாடுகிறார்கள். இதற்குமேல் எதைச் சீனமயமாக்கப் போகிறீர்கள்?

வென்சோவின் சான்ஜியாங் தேவாலயத்தை 2014 ஏப்ரலில் இடித்தபோது, அனுமதித்த அளவை மீறிய கட்டடம் என்றார்கள். சரி, இருக்கட்டும். செஜியாங் மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகளிலிருந்து சிலுவையை மட்டும் இறக்கினார்களே, சிலுவை எத்தனை சதுர அடியை மீறியது?

நான்ஜிங்கின் அமிட்டி அச்சகத்தில் 2019-க்குள் 20 கோடி வேதாகமங்கள் அச்சாகிவிட்டன. பெரும்பகுதி ஏற்றுமதி. அதே வேதாகமத்தை உங்கள் ஊர்க்காரர் இணையக் கடையில் தேடினால் 2018 முதல் கிடைப்பதில்லை. சபைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். முதலில் அந்த விற்பனையைத் திறந்துவிடுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைத் தேவாலய வாசலில் தடுப்பதை நிறுத்துங்கள். வாட்ச்மன் நீயின் புத்தகங்களையும் அவர் பிறந்த மண்ணின் கடைகளில் தாராளமாக விற்கவிடுங்கள். எங்கள் பிரதியைத் தருவதற்கில்லை, அதில் அப்பாவின் கோடுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வாசகன்