ஹெபடைட்டிஸ் டி-க்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கல்லீரல் நோய்க் கட்டுரை கல்லீரல் அழற்சி தரும் ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, ஈ வைரஸ்களை விளக்கமாகச் சொன்னது. டி-யை மட்டும் ‘அரிதானது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தேடாத நோய் அரிதாகத்தானே தெரியும்? நான் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேருக்கு ‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறோம். டெல்டா, அதாவது டி வைரஸ், பரிசோதனை கேட்டு ஒரு சீட்டு வந்ததாக நினைவில்லை.

இத்தாலியின் தூரின் நகரில் மரியோ ரிசெத்தோ என்ற மருத்துவர் 1977-இல் டி-யைக் கண்டறிந்தது பி நோயாளிகளின் கல்லீரல் செல்களில்தான். டி வைரஸ் தன் மேலுறைக்கு பி-யின் புரதத்தை நம்பியிருப்பதால், பி இல்லாதவருக்கு அது வராது. இரண்டும் ஒன்றாகத் தொற்றினால் பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நாள்பட்ட பி உள்ளவருக்கு டி வந்து சேர்ந்தால்தான் வினை. அப்படி வந்தால் பெரும்பாலோருக்கு அது நிரந்தரமாகத் தங்கி, கல்லீரல் சுருக்கத்தைச் சீக்கிரமே கொண்டுவருகிறது. பி மட்டும் இருப்பவர்களைவிட இவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2 முதல் 6 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது.

பி-க்குத் தரும் டெனோஃபோவிர் மாத்திரை டி-யைக் கட்டுப்படுத்தாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, பி வைரஸ் அளவும் இறங்கி, கல்லீரல் நொதிகள் மட்டும் இறங்காமல் நின்றால் டி-யைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் டெல்டா எதிர்ப்பொருள் சோதனை, அதில் பாசிட்டிவ் என்றால், வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ சோதனை. பி உள்ள எல்லோருக்கும் இதைச் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்.

சிகிச்சை எளிதல்ல. வாரம் ஒருமுறை, நோயெதிர்ப்பைத் தூண்டும் பெக்-இன்டர்ஃபெரான் ஊசி, வழக்கமாக 48 வாரம். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு எல்லாம் வரும், பலன் சிலருக்குத்தான். வைரஸைக் கல்லீரல் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் புலெவர்டைடு என்ற தினசரி ஊசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அனுமதி கொடுத்தது. நம் ஊரிலோ கீழாநெல்லிச் சாறு குடித்து, கண் வெளுத்ததும் காமாலையை மறந்துவிடுகிறோம். மஞ்சள் இறங்கிவிட்டதால் வைரஸ் போய்விட்டது என்று ஆகாது.

டி-க்கென்று தனித் தடுப்பூசி கிடையாது, பி தடுப்பூசியே இதற்கும் காவல். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் டோஸைத் தவறவிடக் கூடாது. ஏற்கெனவே பி உள்ளவருக்கு அந்தத் தடுப்பூசி இனி உதவாது; ரேசர், ஊசி எதையும் அவர் பிறரோடு பகிரக் கூடாது.

அடுத்த இதழில் கல்லீரல் நிபுணர் ஒருவரை டி பற்றி எழுதச் சொல்லுங்கள். டெல்டா பரிசோதனை எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை