மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வைக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. பற்றி எந்தப் பத்திரிகையில் எப்போது எழுதினாலும், எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். கொசு கடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. சரி, இது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் எச்.ஐ.வி. உள்ளவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருடங்களாக, எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். பாட்டில் கைக்கு வந்ததும் முதல் வேலை, லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பது. அப்புறம் மாத்திரைகளை ஏதாவது சத்து மாத்திரை டப்பாவுக்குள் கொட்டிவிடுவார், ஈரம் படக்கூடாது, அதே பாட்டிலில் வையுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள் என்றாலும். விருந்தாளி வந்து தங்கினால் போச்சு, அவர்கள் கிளம்பும்வரை மாத்திரை கிடையாது. இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மறுபடி பெருகும், அந்த மருந்துக்கே கட்டுப்படாததாகவும் மாறிவிடலாம். அவர் உடம்பைக் கெடுப்பது வைரஸா, வீட்டுக்கு வந்து போகிறவர்களின் பார்வையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

1981-ல் இந்த நோய் முதலில் பதிவானபோது மருந்தே இல்லை, பயந்ததில் நியாயம் இருந்தது. 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததும் நிலைமை மாறிவிட்டது. எச்.ஐ.வி. இருந்தாலே எய்ட்ஸ் என்று அர்த்தமில்லை. சிகிச்சை இல்லாமல், நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கும்போதோ, காசநோய் போன்றவை பிடித்துக்கொள்ளும்போதோதான் அந்தக் கட்டம் வருகிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. இதைப் படித்த மனிதர்களிடம் சொன்னாலே நம்ப மறுக்கிறார்கள்!

ஆதரவு என்றதும் பணம் திரட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் "எப்படி வந்தது?" என்று கேட்காமல் இருப்பது, ஒருவர் நம்பிச் சொன்னதை நாலு பேரிடம் கொண்டுபோகாமல் இருப்பது, மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூடப் போவது, இதற்கெல்லாம் காசு வேண்டாம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே சேர்ந்து நடத்தும் குழுக்களும் இருக்கின்றன. நேற்று ரிசல்ட் வாங்கி நொறுங்கிப்போயிருப்பவருக்கு, பத்து வருடமாக மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் பேசுவது மாதிரி டாக்டர் பேச்சுகூட ஆகாது.

அடுத்த டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்துக்கு நீங்கள் சிறப்புப் பக்கம் போட்டால் ஒன்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், தொற்ற வாய்ப்பான சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யாரிடம் போய்க் கேட்பது என்று கூச்சப்பட்டே அந்த மூன்று நாளைக் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்