கொலைகாரனுக்கு மட்டும் கைதட்டலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தொடர் கொலைகளை நகலெடுக்கும் ஒருவனைப் பற்றிய திகில் படம் குறித்து, உங்கள் ஞாயிறு இதழில் வந்த பார்வையாளர் கருத்துகளைப் படித்தேன். அவனுடைய மூளை, முகமூடி, கத்தி என்று எல்லாரும் வியக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது என்ன ரசனை? 1995இல் வந்த ‘காப்பிகேட்’ படமும் நகல் கொலைகாரன் கதைதான். ஆனால் தாக்குதலில் உயிர் தப்பி, வீட்டு வாசலைத் தாண்டவே அஞ்சும் உளவியலாளர்தான் அதன் நாயகி.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படியான படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கொலைகாரனைப் போலவே நடித்துக் காட்டுகிறார்கள். கொல்லப்பட்டவர் பெயரைக் கேட்டால் தெரியாது. அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது, இறந்தவர்களைப் படம் எப்படிக் காட்டியது என்றும் கேளுங்கள். பார்க்கத் தகுந்த வயதையும் சேர்த்துப் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை