ஆகாசத்துல ஓரங்கட்ட எடமில்ல மாப்ள

சொக்கு மாப்ளைக்கு,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ ஒர்க்‌ஷாப்ல ஒரு ஆல்ட்டோவுக்கு அடியில படுத்துக்கிட்டே கேட்டேன், ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் போல, பசங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டானுக. இன்னும் அஞ்சே வருசம், சென்னையில காப்பிய குடிச்சுட்டு பறக்குற கார்ல ஏறுனா காரைக்குடியில உங்க வீட்டு வளவு முத்தத்துலயே காலப் பலகாரத்துக்கு எறங்கிருவேன்னு சொல்ற பாரு, அந்த எடத்துலதான். போன்ல பேசுனா நீ என்னப் பேசவே விடமாட்ட, அதான் உக்காந்து தட்டுறேன், பொறுமையா படி.

மொதல்ல உங்க வீட்டு சங்கதி. ரெண்டாங்கட்டுல ஒழுகுதுன்னு வாட்ச்மேன் சொன்னாரு, கொத்தனாரக் கூட்டிக்கிட்டு மேல ஏறிப் பாத்தேன், மழ ஒன்னும் பண்ணல மாப்ள, எல்லாம் மயிலு. அதுக பாட்டுக்கு ஓட்டு மேல கும்பலா நடந்து மிதிச்சு ஒரு வரிச ஓட்ட நொறுக்கி வச்சிருக்கு. பழைய நாட்டு ஓடு இப்ப புதுசா கெடைக்கிறதில்ல, இடிக்கிற வீட்டுலேர்ந்து வாங்கித்தான் மாத்தணும், சொல்லி வச்சிருக்கேன். உன் பங்காளிககிட்ட நீயே காசப் பேசிக்க, என்ன அதுல இழுக்காத. அம்மாவுக்கு முட்டி வலி தேவல, கம்பு ஊனிக்கிட்டு வாசல் வரைக்கும் வருது. எம்மக இந்த வருசம் பிசிக்ஸ் மூனாவது வருசம், அவளப் பத்தி கீழ வருது.

சரி, உன் பறக்குற காரு. போன மாசம் கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பெரிய வீடு, வளவு பூரா ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடி மாதிரி கெடக்கு, நடுவுல விடியக்காலமே எந்திரிச்சு ஆச்சிமாருக நாலு பேரு உக்காந்து நடுவீட்டுக் கோலம் போட்டு வச்சிருக்காக. போட்டோ எடுக்க வந்த பய டிரோன வளவுக்குள்ள கீழ எறக்குனான். மொத்தமே ஒரு கிலோ இருக்குமா அந்த டிரோனு? எறங்குன காத்துல அரிசிமாவு கோலம் அப்படியே எந்திரிச்சு மாப்பிள்ள வீட்டுக்காரக வேட்டியில போய் ஒட்டிருச்சு, பந்தியில போட்டிருந்த எல ரெண்டு பறந்து கம்பி வலையில சிக்கிருச்சு. அந்த ஆச்சி ஏசுன ஏச்சு இருக்கே, அந்தப் பய இனி செட்டிநாட்டுப் பக்கமே டிரோனத் தூக்க மாட்டான். இத வீட்டுல வந்து சொன்னேன், எம்மக நோட்ட எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா, ஒரு கிலோவுக்கே இப்படின்னா ஒரு டன்னுக்கு என்னன்னு பாப்போம்பான்னு. ஒரு டன் எடைய அந்தரத்துல நிறுத்தணும், காத்தாடி எல்லாத்தோட பரப்பும் சேத்து 10 சதுர மீட்டருன்னு வச்சுக்கிட்டா, கீழ தள்ளுற காத்து மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல போகுது. அதே எடைக்கு ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டர் மாதிரி பத்து மீட்டர் அகலத்துல பெரிய விசிறியா வச்சா காத்து 50 சொச்சத்துக்கு கொறையுது, ஆனா அம்புட்டு பெரிய விசிறிய வச்சுக்கிட்டு எந்தத் தெருவுல மாப்ள எறங்குவ? காத்தாடி சின்னதானா காத்தும் கூடும் கரண்டும் கூடும், பெருசானா எடம் பத்தாது, இதுல எந்தக் கம்பெனிக்காரனும் ஒன்னும் பண்ண முடியாதுங்கறா, அது இயற்கை. உங்க வீட்டு வளவுல எறங்கலாம்னு நீ கேலிக்குத்தான் சொன்னன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் அந்த ஓட்ட மயிலு மிதிச்சதுக்கே நான் ஏணி போட்டு ஏறிட்டு வந்திருக்கேன்.

இன்னொன்னு சொன்னா பாரு, அது எனக்கு மண்டைக்குள்ளயே ஓடுது. காரு சிக்னல்ல நின்னா செலவு கொஞ்சந்தான், ஆஃப் பண்ணிட்டா பூஜ்யம். ஆகாசத்துல சும்மா நிக்கிறதுக்குத்தான் செலவு ஜாஸ்தி, ரெக்க இருக்குற சாமானு முன்னாடி ஓடுனா ரெக்க தாங்கும், நின்னா முழுப்பாரமும் மோட்டாரு மேல. அப்ப எறங்குற எடத்துல முன்னாடி ஒருத்தன் நிக்கிறான், நீ மேல காத்துக்கிட்டு நிக்கணும், நம்ம செக்காலை ரோட்டுல ஆட்டோ நிக்கிற மாதிரி, ஒவ்வொரு நிமிசமும் பேட்டரி எறங்கிக்கிட்டே இருக்கும்.

பேட்டரிக்கு நம்ம ஊரு சிக்ரியில, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, வேல பாத்து ரிடையர் ஆன சார் ஒருத்தரு வண்டி சர்வீசுக்கு வருவாரு, அவருகிட்ட கேட்டேன். அழகப்பச் செட்டியாரு 300 ஏக்கரா எடமும் 15 லட்சமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டுன எடமாச்சே, பேட்டரியப் பத்தி அங்க உள்ளவுகளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும். அவரு சொன்னது, ஒரு கிலோ பெட்ரோல்ல ஏறக்குறைய 12,000 வாட்-ஹவர் சக்தி இருக்கு, நல்ல லித்தியம் பேட்டரியில கிலோவுக்கு 250 கிட்ட. இஞ்சின் முக்காவாசிய சூடா வீணாக்குதுன்னு கழிச்சாலும் பத்து மடங்குக்கு மேல வித்தியாசம் நிக்கிது. அதோட பெட்ரோலு எரிய எரிய வண்டி லேசாகும், பேட்டரி தீந்தாலும் அதே கனத்தோடதான் எறங்கணும். ரோட்டுல எலக்ட்ரிக் காரு கனமா இருந்தா டயருதான் தேயும், மேல அந்தக் கனத்தத் தூக்கவே பாதி கரண்டு போயிரும்.

நீ சொன்ன ஈஹாங், அந்த சைனாக் கம்பெனியோட பறக்குற வண்டி, 2023 அக்டோபர்ல சைனா அரசாங்கத்துகிட்ட சர்டிபிகேட்டு வாங்கிருச்சு, பைலட்டே இல்ல, 16 காத்தாடி, ரெண்டு பேரு போகலாம், எல்லாம் நெசந்தான். ஆனா தூரம் 30 கிலோமீட்டரு. காரைக்குடியிலேர்ந்து தேவகோட்டைக்குப் போகலாம், திரும்பணும்னா அங்க யாருகிட்டயாவது சார்ஜ் கேக்கணும். ஜோபின்னு அமெரிக்கக் கம்பெனி 160 கிலோமீட்டருங்கறான். சென்னையிலேர்ந்து கெளம்பி விழுப்புரத்துல எறங்குவ, சார்ஜ் போட்டுட்டு திருச்சி, மறுபடி சார்ஜு, அப்புறம் காரைக்குடி. பல்லவன் ரயில்ல நீ தூங்கிக்கிட்டே வந்துருவ மாப்ள, விழுப்புரத்துல சார்ஜர் ஃப்ரீயா இருக்கான்னு போன் பண்ணிக்கிட்டு வரவேண்டியதில்ல.

காரும் பிளேனும் ஒன்னா செய்யிற கதையும் இன்னைக்கு நேத்து இல்ல. மோல்ட் டெய்லர்னு ஒரு அமெரிக்கக்காரரு 1949லயே ஏரோகார்னு ரெக்கைய மடிச்சு வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற மாதிரி செஞ்சாரு, 1956ல சர்டிபிகேட்டும் வந்துருச்சு, கடைசியில செஞ்சது ஆறே வண்டி. ஸ்லோவாக்கியாவுல 2021ல பிஎம்டபிள்யூ இஞ்சினப் போட்டு ஏர்காருன்னு நித்ராவுலேர்ந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிசத்துல பறந்து ரோட்டுலயும் ஓட்டிக் காமிச்சாங்க, பாக்க அழகுதான், ஆனா ஏறவும் எறங்கவும் ரன்வே வேணும். காருன்னா பம்பரு, கதவுக்குள்ள கம்பி, ஏர்பேக்குன்னு கனமா இருந்தாத்தான் உசுரு தப்பும், பிளேன்னா கனமே ஆகாது, ரெண்டையும் ஒன்னா செஞ்சா சுமாரான காரும் சுமாரான பிளேனும் கெடைக்கும். ஜெர்மனியில லிலியம், வோலோகாப்டர்னு ரெண்டு பெரிய கம்பெனியும் 2024 கடைசியில திவாலுன்னு போய் நின்னுச்சு, அத உன் வாய்ஸ்ல நீ சொல்லவே இல்ல.

இதெல்லாம் ஒரு பக்கம். நாளைக்கே நல்ல பேட்டரி வந்துரலாம், சிக்ரி சாரே அப்படித்தான் சொல்றாரு. என் பயம் வேற, ஒர்க்‌ஷாப்காரன் பயம். நம்ம ஊர்ல ஒரு வாத்தியாரு, ரேடியேட்டர் ஓஸ் வெடிப்பு விட்டிருக்கு மாத்திருங்க சார்னு மூனு தடவ சொல்லிட்டேன், அடுத்த மாசம் பாக்கலாம் அடுத்த மாசம் பாக்கலாம்னு ஓட்டிக்கிட்டே இருந்தாரு. திருச்சி போற வழியில நமணசமுத்திரத்துகிட்ட ஓஸ் பொளந்து பொகையாக் கெளம்பிருச்சு. என்ன ஆச்சு? ஓரங்கட்டுனாரு. புளியமரத்தடியில புள்ளைகள எறக்கி விட்டாரு, பக்கத்துல நுங்கு வித்தவருகிட்ட ஆளுக்கு நாலு வாங்கித் தின்னாக, நான் டிவிஎஸ்ல ஓஸ எடுத்துக்கிட்டுப் போய் மாட்டி விட்டேன், கூலிய அடுத்த மாசம் தர்றேன்னாரு. இதே ஆளு 300 மீட்டர் ஒசரத்துல இருந்தா? அங்க புளியமரம் ஏது, ஓரம் ஏது. 16 காத்தாடியில ஒன்னு ரெண்டு நின்னா மிச்சது தாங்கும், ஒத்துக்கறேன், ஆனா பேட்டரியோ வயரோ போச்சுன்னா எல்லாம் ஒட்டுக்கா போகும், பாராசூட்டு விரியறதுக்கும் கொஞ்சமாச்சும் ஒசரம் வேணும்.

ராபின்சன் ஹெலிகாப்டருக்கு 2,200 மணி நேரம் ஓடுனாலோ 12 வருசம் ஆனாலோ எது முன்ன வருதோ அப்ப பூராத்தையும் பிரிச்சு மேஞ்சு புதுசாக்கணும், நல்லாத்தான ஓடுதுன்னு விட முடியாது. அதே மணிக்கணக்க காருக்கு மணிக்கு 40 கிலோமீட்டருன்னு வச்சாக்கூட 88,000 கிலோமீட்டரு, நம்ம ஊரு டாக்ஸி ரெண்டே வருசத்துல ஓட்டிரும். ஆயில் மாத்தச் சொன்னாலே என்னய்யா போன தடவதான மாத்துனன்னு கேக்குற ஊரு இது. அம்புட்டு ஒழுங்கா பாத்தும் என்ன நடந்துச்சு தெரியுமா, நியூயார்க்ல பான் ஆம் கட்டடத்து மொட்டமாடியிலேர்ந்து ஏர்போர்ட்டுக்கு ஹெலிகாப்டர் சர்வீஸ் விட்டிருந்தாங்க, 1977 மே மாசம் மாடியில நின்னுக்கிட்டிருந்த ஹெலிகாப்டரோட சக்கரத்துக் காலு ஒடிஞ்சு சாஞ்சிருச்சு, விசிறி சுத்திக்கிட்டே இருந்ததுல மாடியில நாலு பேரு போயிட்டாங்க, ஒரு துண்டு கீழ விழுந்து ரோட்டுல நடந்து போன ஒரு பொம்பளையும் செத்துப்போச்சு. மெட்டல் ஃபெட்டீக்கு, உலோகம் அசந்துபோறது. அத்தோட அந்த மாடி சர்வீஸையே மூடிட்டாங்க. ஓட்டுறவன் தப்பு பண்ணா அவன் போறான், தெருவுல போறவ என்ன பாவம் பண்ணா?

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் வரட்டும், நானே தேங்கா ஒடைக்கிறேன். நம்ம செட்டுல ஒருத்தன் அப்பாவ மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம் ஞாபகம் இருக்கா, 90 கிலோமீட்டரு, ரெண்டு மணி நேரம், மேலூர் தாண்டையில நான் அவரு கையத்தான் புடிச்சிருந்தேன். அதுக்கெல்லாம் இது சரியான சாமானு. சென்னை ஐஐடியில மொளச்ச இபிளேன் கம்பெனி ஏர் ஆம்புலன்ஸ்னுதான் மொதல்ல எறங்குது, ஓட்ட ஆளு, பாத்துக்க ஆளு, எறங்க எடம்னு எல்லாம் ஒழுங்கா வச்சு ஓட்டுனா நடக்கும். நீயும் நானும் சந்தைக்குப் போக ஆளுக்கு ஒன்னுங்கறதுதான் ஆகாது. தனியா ஓட்ட லைசென்ஸ் வாங்கவே 40 மணி நேரம் பறந்து காட்டணும், நீ எட்டு போட்டு பாஸாக எத்தன தடவ போன?

செட்டிநாட்டுல வெள்ளக்காரன் ரெண்டாவது உலகப்போருக்குப் போட்ட ரன்வே அப்படியேதான் கெடக்கு, ஏர்போர்ட்டு வருது வருதுன்னு எலக்சனுக்கு எலக்சன் பேச்சு. அதுலதான நீ உங்க அப்பச்சியோட சேத்தக் ஸ்கூட்டர ஓட்டிப் பழகுன, ரிசர்வுல போடத் தெரியாம வெயில்ல தள்ளிக்கிட்டே வந்தோமே. அந்த சேத்தக்க இப்ப நாந்தான் எடுத்துப் பிரிச்சுப் போட்டிருக்கேன், இஞ்சினு நல்லா இருக்கு, கார்புரேட்டருதான் சரியில்ல, ஓவர்ஃப்ளோ ஆகுது. முன்னோருக்குப் போடுற படைப்புக்கு வருவேல்ல, அங்க சென்னை புதுப்பேட்டையில ஒரு எட்டு போய் சேத்தக்கு கார்புரேட்டர் கிட்டு ஒன்னும் கிளட்ச் கேபிள் ரெண்டும் வாங்கிக்கிட்டு வா, ஒரிஜினலான்னு பாத்து வாங்கு. டிக்கெட்ட இப்பவே போடு, கடைசி நேரத்துல தட்கல்னு எனக்குப் போன் பண்ணாத. ஸ்டேஷனுக்கு நான் வந்துர்றேன்.

உன்
கருப்பு