மேடையில் வாசித்தால் வாரண்டி கிடையாதா?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் கிட்டாரின் அவுட்புட் ஜாக் கோளாறு, மறுக்கப்பட்ட வாரண்டி, காணாமல் போன கம்பிகள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில்தான் வந்தது, எண் மட்டும் மாறியது. நான்கு எண்களையும் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் போனில் இருப்பவர் வேறொன்றைக் கேட்கிறார். அதனால் நான்கும் இருக்கட்டும்.

பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய உங்கள் 35 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) மாடல், கறுப்பு. நான்கு மாதம் ஒழுங்காக இருந்தது. இது பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ், கேபிளைப் பிடுங்கினால் பேட்டரி அணைய வேண்டும். அதற்கப்புறம் கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கிறது. கோளாறு இவ்வளவுதான். கேபிள் செருகும் அந்த ஜாக்கை மாற்ற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்காக மூன்று மாதமாக என்னை அலையவிட்டிருக்கிறீர்கள்.

ஆனால் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது ஜாக் இல்லை. போன வாரம் உங்கள் உதவி எண்ணில் பேசிய ஒருவர். இருபத்தைந்து நிமிடம் இசை போட்டுக் காக்க வைத்த பிறகு வந்தவர் (அந்த இசையில் பேஸே இல்லை, அது வேறு விஷயம்), நான் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "நீங்க மேடையில வாசிக்கிறவரா சார்? காசு வாங்கிட்டா?" ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "அப்ப அது கமர்ஷியல் யூஸ். வாரண்டி வராது. ஹாபியா வாசிச்சிருந்தா பாத்துக்கலாம்" என்றார்.

ஐயா, உங்கள் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? "மேடைக்கென்றே பிறந்தது." அதை நம்பித்தான் வாங்கினேன். மேடைக்கென்றே பிறந்ததை மேடையில் வாசித்தால் வாரண்டி போய்விடும் என்றால், நான் அதை எங்கே வைத்து வாசிப்பது? பீரோவுக்குள்ளா?

இதை அவரிடமும் கேட்டேன். மேடையில் வாசிக்கும்போதே சத்தம் நின்று போனது, எனக்கு எவ்வளவு அவமானம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் படியுங்கள்: "கூட்டத்துல பேஸ் யாருக்கு சார் கேக்கப் போகுது?"

போனை வைத்துவிட்டேன். பதினொரு வருடமாக பேஸ் வாசிக்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், லீட் கிட்டார்காரர்கள் கிண்டலாகக் கேட்டிருக்கிறார்கள். பேஸ் செய்து விற்கிற கம்பெனியிலிருந்து இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

சரி, கோபத்தை விட்டு முறையாகச் சொல்கிறேன்.

இந்த மாடலை நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. என்னிடம் நல்ல நான்கு கம்பி பேஸ் ஒன்று இருந்தது. எங்கள் பாடகிக்குத் தொண்டை கட்டினால் 'ஈ' சுருதியில் இருக்கும் பாட்டு 'டி'க்கு இறங்கும், மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் அதைச் சொல்வார்கள். நான்கு கம்பியில் கடைசிக் கம்பியை இறக்கி வைத்துக்கொண்டால் அது தளர்ந்து நெக்கில் பதித்த ஃப்ரெட் தகடுகளில் அடித்துக் கடகடக்கும். ஐந்து கம்பியில் அந்தத் தொல்லை இல்லை. 'பி' கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் 'டி' தயாராக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 34 அங்குலத்தில் பல ஐந்து கம்பி பேஸ்களில் அந்த 'பி' தொளதொளவென்றுதான் இருக்கும். சுமார் 31 ஹெர்ட்ஸ் வரை கீழே போகிற சத்தம் அது, கம்பி இறுக்கமாக இல்லாவிட்டால் சுருதியே பிடிபடாது. உங்கள் 35 அங்குலத்தில் அந்தக் கம்பி நிமிர்ந்து நின்றது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். நெக்கும் கீழே சாயவில்லை, தோளும் வலிக்கவில்லை. நல்ல கருவிதான் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

பழைய நான்கு கம்பியை விற்றுத்தான் இதை வாங்கினேன். கைவசம் இன்னொரு பேஸ் இல்லாமல் மேடை ஏறியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

முதல் தடவை மூன்றாவது பாட்டில் ஆரம்பித்தது. கீழ் நோட்டுகள் நசுங்கின மாதிரி, ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி வந்தன. கேபிளை மாற்றினேன். ஆம்பைச் சந்தேகப்பட்டேன். சவுண்ட் இன்ஜினியர், பேஸை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸை மாற்றிவிட்டு, "உங்க லைன்தான் கர்ருங்குது" என்றார். ஐந்தாவது பாட்டில் சுத்தமாக நின்றுவிட்டது. மீதி நிகழ்ச்சி முழுக்க நான் கையில் பேஸை வைத்துக்கொண்டு வாசிப்பது போல நடித்தேன். கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் லைனை வாசித்துச் சமாளித்தார். நன்றாகவே வாசித்தார், அதுதான் பிரச்சினை. அடுத்த நாளே குழுவில் ஒருவர், "லெஃப்ட் ஹேண்ட்லயே ஓட்டிடலாம் போலிருக்கே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஜாக் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

பேட்டரியை மாற்றினேன், சரியானது. மூன்று வாரம் கழித்து இன்னொரு மேடையில் மறுபடியும் அதே கதை. அதன் பிறகுதான் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அந்தப் பயணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்ட் கேஸோடு சேர்த்து ஒன்பது கிலோ. மூன்று பஸ் மாறினேன். போய்ச் சேர்ந்தபோது மதிய இடைவேளை, ஒன்றேகால் மணி நேரம் வெளியே நின்றேன். உள்ளே விட்டதும், வாங்கிய ரசீது போனில் இருந்தால் செல்லாது, தாளில் வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தேன். மறுநாள் தாளோடு, மறுபடி ஒன்பது கிலோவோடு, மறுபடி மூன்று பஸ்.

இரண்டாம் நாள் ஒரு டெக்னீஷியன் வந்தார். முதலில் கம்பிகளை எண்ணினார். "ஒரு கம்பி குறையுதே சார், ஆறு இருக்கணுமே" என்றார். சாதா கிட்டார் என்று நினைத்துவிட்டார் போல. நான் வாயைத் திறக்கவில்லை. புது பேட்டரி ஒன்றைப் போட்டார். ஓரத்தில் இருந்த சின்ன பிராக்டிஸ் ஆம்பில் செருகினார். கிட்டாருக்கான ஆம்ப் அது, ஸ்பீக்கர் என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இருப்பதிலேயே மெல்லிய 'ஜி' கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். "சத்தம் வருதே சார், நல்லாத்தான இருக்கு?" என்றார்.

புது பேட்டரி போட்டால் வரத்தானே செய்யும்! மூன்று வாரம் கழித்துப் போய்விடுகிறது என்பதுதானே புகார்? அதைச் சொன்னதும் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு பேஸ் எடுத்தேன், இன்னொன்றை விட்டுவிட்டேன்.

திரும்ப வாங்கும்போது கொடுத்த சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "கிட்டார். கம்பி பழையது. மாற்றப்பட்டது. சரி." யார் மாற்றச் சொன்னது? நான் போட்டிருந்தது ஃப்ளாட்வூண்ட் கம்பி, மேல் சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும். ஆறு மாதம் வாசித்து வாசித்து இப்போதுதான் பதத்துக்கு வந்து, அந்தப் பளபளப்புச் சத்தம் அடங்கி, டிரம்மரின் கிக்கோடு ஒட்ட ஆரம்பித்திருந்தது. அதைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு, கணகணவென்று கேட்கும், சொரசொரப்பான புது ரவுண்ட்வூண்ட் கம்பியை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வூண்ட் கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது பேஸ் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். உங்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் தெரியவில்லை.

ஜாக்கை? தொடவே இல்லை.

கடைசியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். உங்களுக்கு நான் பாடம் நடத்துவதற்கு மன்னிக்கவும், வேறு யாரும் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை. பின்பக்க மூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். நீங்கள் போட்டிருப்பது மூன்று தொடுபுள்ளி உள்ள ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி நடுவில் இருக்கும் ரிங் தகட்டுக்குப் போகிறது. மோனோ கேபிளைச் செருகினால் அதன் தண்டு ரிங்கையும் வெளிவளையத்தையும் இணைக்கும், பேஸுக்குள் சத்தத்தைப் பக்குவப்படுத்தும் ப்ரீஆம்ப் உயிர் பெறும். பிடுங்கினால் அணையும். என்னுடையதில் அந்த ரிங் தகடு ஒரு நூலளவு வளைந்து வெளிவளையத்தோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சந்தேகம் இருக்கக் கூடாது என்று பேட்டரிக்கும் கிளிப்புக்கும் நடுவில் மல்டிமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். கேபிள் செருகாமலேயே 1 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. பூஜ்யம் காட்ட வேண்டும். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். வகுத்துப் பாருங்கள், இருபது நாள். எனக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேடையில் சத்தம் நின்றதற்குக் கணக்கு சரியாக வருகிறது. மெல்லிய இடுக்கியால் அந்தத் தகட்டை விலக்கிப் பிடித்ததும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது, விட்டதும் பழையபடி ஏறியது. இதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இதற்கு முந்தைய உங்கள் மாடலில் மூன்றாவது நாப் பக்கத்தில் பேசிவ் சுவிட்ச் ஒன்று இருந்தது. பேட்டரி போனால் அதைத் தள்ளிவிட்டுக் கச்சேரியை முடித்துவிடலாம். இதில் ஏன் அதை எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். 1951-ல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் பிரெசிஷன் பேஸில் பேட்டரியே கிடையாது. அந்தக் காலத்துக் கருவிகளை இன்றைக்கும் செருகி வாசிக்கிறார்கள். ஏழு மாதம் ஆன உங்கள் கருவி இருபது நாளைக்கு ஒருமுறை செத்துப் போகிறது. 1 மில்லி ஆம்பியர் இழுக்கிற ப்ரீஆம்புக்கு வாசிக்கும்போது மட்டும் பேட்டரி செலவானால் பல நூறு மணி நேரம் ஓட வேண்டும். நான் மொத்தமாக அறுபது மணி நேரம்கூட செருகி வாசித்திருக்க மாட்டேன், பேட்டரி மட்டும் ஐந்து போய்விட்டது.

"கூட்டத்துல பேஸ் யாருக்கு கேக்கப் போகுது" என்றாரே, அவருக்கு ஒரு தகவல். அன்றைக்கு என் சத்தம் நின்ற உடனே முதலில் திரும்பிப் பார்த்தது டிரம்மர். அடுத்து பாடகி சுருதி தேடித் தடுமாறினார். அப்புறம் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தான். ஏன் நின்றோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கேட்காதவர்களுக்கும் நின்றால் தெரியும் ஐயா.

உங்கள் ஊழியர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது தடவை போனில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு, "உள்ளே ஜாக்கா இருக்கலாம் சார்" என்று சரியாகவே சொன்னார். அவர் குறித்து வைத்த குறிப்பை சர்வீஸ் சென்டரில் ஒருவர் படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அவர் சொன்னது எந்தப் புகார் எண்ணில் இருக்கிறதோ, தேடிப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாக்கை வாரண்டியில் மாற்றித் தாருங்கள். ஆளை என் வீட்டுக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் ஜாக்கை அனுப்புங்கள், நானே பற்றவைத்துக்கொள்கிறேன். ஆனால் மூடியைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லக் கூடாது. பேட்டரி மாற்றுவதற்கே அந்த மூடியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறீர்கள். என் ஃப்ளாட்வூண்ட் கம்பிகளுக்குப் பதில் அதே தடிமனில், 45 முதல் 130 வரை, ஒரு புது செட் வேண்டும். மேடையில் வாசித்தால் வாரண்டி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தாருங்கள். இல்லை என்றால் பெட்டியில் இருக்கும் அந்த வாசகத்தை அழித்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுபடியும் ஒரு புகார் எண்ணை பதில் என்று அனுப்பினால் நேரே நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மல்டிமீட்டர் வீடியோவையும் உங்கள் பெட்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவில் போடுவேன். எனக்குத் தெரிந்த பேஸ் வாசிப்பவர்கள் ஐம்பது பேராவது அதைப் பார்ப்பார்கள், புதிதாக வாங்கும் முன் என்னிடம்தான் கேட்பார்கள். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் சரி.

தயவுசெய்து கவனியுங்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் நான்கு திருகாணியையும் கழற்றி, பேட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். மரத்தில் திருகாணித் துளைகள் இப்போதே தளர ஆரம்பித்துவிட்டன. நாளைக்கு அதையும் என் தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நான்கு புகார் எண்களுக்குச் சொந்தக்காரர்

இணைப்பு: வாங்கிய ரசீது (தாளில்), சர்வீஸ் சீட்டு, ஜாக்கின் படங்கள் மூன்று.

பி.கு.: கழற்றிய என் பழைய கம்பிகளை யாராவது தூக்கி எறியாமல் வைத்திருந்தால், புது செட் வேண்டாம், அதையே அனுப்பிவிடுங்கள்.